துரைமாருக்கு விலக்கு: மலையகத்தில் துவக்கு யார் கையில் இருந்தது?

போன மாதம் ஹட்டனில் ஒரு தேத்தண்ணிக் கடையில் நாங்கள் ஏழு பேர் உட்கார்ந்திருந்தோம். வெளியே நல்ல மழை. பேச வந்தது ஒரு நாவலைப் பற்றி. ஆனால் எங்களில் ஒருவர் அமெரிக்கப் பள்ளிக்கூடத் துப்பாக்கிச் சூடு பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நாவல் அங்கேயே நின்றுவிட்டது.

"அங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல துவக்கு கொண்டு போகக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆனா லைசன்ஸ் வச்சிருக்கிறவனுக்கு அந்தச் சட்டம் இல்லையாம். அப்புறம் என்னாத்துக்குச் சட்டம்?" என்று அவர் கேட்டார்.

இன்னொருவர் சிரித்தார். "அது அவங்க பாடு. நம்ம தோட்டத்துல துவக்கே இல்லையே, நமக்கென்ன?"

மூன்றாமவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இல்லையா? எங்க தாத்தா பங்களாவுல அப்புவா இருந்தாரு. சனிக்கிழமைக்கு சனிக்கிழமை தொரையோட துவக்கத் தொடச்சு எண்ணெ போடுறது அவரு வேலை. அம்பது வருஷம் தோட்டத்துல இருந்தும் ஒரு தடவ கூட அத அவரு சுட்டது கிடையாது."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தாத்தாவிடமிருந்துதான் தொடங்குகிறது. துவக்கைத் துடைத்தவர் ஒருவர், சுட்டவர் வேறொருவர். சட்டம் இந்த இருவரையும் எப்படிப் பார்த்தது என்று தேடிப் போனோம்.

அமெரிக்காவில் என்னதான் வாதம்?

முதலில் அந்த வீடியோ விஷயத்தை முடித்துவிடுவோம். 1990-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து 1000 அடி தூரத்துக்குள், அதாவது ஏறக்குறைய 300 மீற்றருக்குள், துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 1995-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளியது. அடுத்த ஆண்டே வாசகத்தைத் திருத்தி மறுபடி கொண்டு வந்தார்கள். அந்தச் சட்டத்துக்குள் ஒரு சின்ன வாசல் உண்டு. அந்த மாநிலமே கொடுத்த லைசன்ஸ் ஒருவரிடம் இருந்தால், 1000 அடித் தடை அவரைக் கட்டாது. 2022 ஜூனில் அதே உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே துப்பாக்கி கொண்டு போக "விசேஷ காரணம்" காட்ட வேண்டும் என்ற நியூயோர்க் மாநிலச் சட்டத்தையும் ரத்து செய்தது. அதன் பிறகு எந்தெந்த இடத்தில் தடை, தடையிலிருந்து யார் யாருக்கு விலக்கு என்பதுதான் அங்கே ஓயாத சண்டை.

விலக்கு வேண்டும் என்பவர்கள் சொல்வது இது. லைசன்ஸ் வாங்கியவர் பொலிஸ் சோதனையைத் தாண்டி வந்தவர். கொல்ல வருகிறவன் "இங்கே துப்பாக்கிக்குத் தடை" என்ற பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகப் போவதில்லை. பலகையை மதிப்பவர்கள் நல்லவர்கள் மட்டுமே. அப்படியானால் அந்த இடத்தில் வெறுங்கையோடு நிற்பதும் அவர்கள்தான்.

வேண்டாம் என்பவர்கள் இன்னொன்றைச் சொல்கிறார்கள். ஒரு கூட்டத்துக்குள் பத்துப் பேர் துப்பாக்கியை எடுத்தால், அதில் கெட்டவன் யார் என்று பொலிஸுக்கு எப்படித் தெரியும்? 2022 மே 24 அன்று டெக்ஸாஸின் யுவால்டி பள்ளிக்கூடத்தில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். அன்று அங்கே வந்து சேர்ந்த ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் 376 பேர். கொலைகாரன் இருந்த வகுப்பறைக்குள் நுழைய அவர்கள் 77 நிமிஷம் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டு பக்கமும் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவது போலத்தான் தெரிகிறது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது வேறொன்று பட்டது. உண்மையில் அவர்கள் பேசுவது "நல்லவர்" பட்டியலைப் பற்றி. சட்டம் எல்லோருக்கும் தடை போடுகிறது. பிறகு ஒரு பட்டியல் எழுதி, இவர்களுக்கு மட்டும் தடை இல்லை என்கிறது. அந்தப் பட்டியலை எழுதுகிற கை எது? நம்முடைய மலையில் இந்தக் கேள்விக்கு 170 வருஷத்துக்கு மேல் வயசு.

யானையைச் சுட்டவர்கள், வரி கட்டியவர்கள்

நுவரெலியா கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற வெள்ளை அதிகாரியின் கல்லறை இருக்கிறது. 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர் வாங்கியவர். 1845-ல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். "யானைங்களோட சாபம்" என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். அவருக்குப் பிறகு சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறிப் பண்ணை வைத்தார், இந்தத் தீவில் தான் ஆடிய வேட்டையைப் பற்றிப் புத்தகமே எழுதினார். மலையில் வெள்ளைக்காரன் கையில் இருந்த துவக்கு ஒரு பொழுதுபோக்கு.

அதே மலையில் கண்டிக் கிராமத்து விவசாயிகளிடமும் துவக்கு இருந்தது. அது வயலையும் சேனையையும் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காப்பாற்ற. 1840-ல் தரிசு நிலச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் அரசுக்குச் சொந்தம் என்றது அது. அந்த நிலங்கள் கோப்பித் தோட்டங்களாக மாறின. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் நம் ஆட்கள் கடல் தாண்டி வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து மாத்தளை வரை வந்து சேர்ந்தார்கள். வழியில் செத்தவர்களும் ஏராளம்.

1848-ல் ஆளுநர் டொரிங்டன் புது வரிகள் போட்டார். நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி. அதோடு துவக்கு ஒன்றுக்கு வருஷம் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ். பன்றியை விரட்ட வைத்திருந்த கருவிக்குப் பணம் கட்டி அனுமதி வாங்கு என்றது அரசு. நிலம் ஏற்கெனவே போய்விட்டது. இப்போது மிச்சமிருந்த வயலைக் காப்பதற்கும் காசு. அந்த ஆண்டு ஜூலையில் மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. ஆளுநர் இராணுவச் சட்டம் போட்டார். புரன் அப்புவை ஓகஸ்ட் 8 அன்று கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். அடக்கிய விதம் லண்டனிலேயே பெரிய சர்ச்சையாகி, டொரிங்டன் பதவியை விட்டுப் போக வேண்டி வந்தது.

இந்தக் கதை பாடப் புத்தகத்தில் சிங்களக் கிளர்ச்சியாக மட்டும் வருகிறது. நாங்களும் அப்படித்தான் படித்தோம். ஆனால் இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. மலையில் துவக்கு லைசன்ஸ் என்ற எண்ணம் நுழைந்தபோது, உயிர்களைக் காப்பாற்றுவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. கஜானாவை நிரப்புவதுதான் நோக்கம். அதன் பாரம் விழுந்ததும் துவக்கை வயிற்றுப்பாட்டுக்கு வைத்திருந்தவன் தலையில்.

வார இறுதிப் பட்டாளம்

கோப்பி நோயில் அழிந்து, தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துரவில் போட்ட தேயிலை மலை முழுக்கப் பரவியது. தோட்டம் என்பது ஒரு தனி ராஜ்ஜியமானது. பிரட்டுக்களம், லயம், கங்காணி, கணக்கப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே குன்றின் உச்சியில் பங்களா. வெளியாள் உள்ளே வந்தால் அத்துமீறல் வழக்கு. பல வருஷத்துக்குத் தொழிற்சங்கக்காரர்கள் இராத்திரியில், தேயிலைச் செடிக்கு நடுவே பதுங்கித்தான் ஆட்களைச் சந்திக்க வேண்டியிருந்தது.

அந்த ராஜ்ஜியத்துக்கு ஒரு பட்டாளமும் இருந்தது. 1900-ல் கண்டியைத் தலைமையிடமாக வைத்து சிலோன் பிளாண்டர்ஸ் ரைஃபிள் கோர் என்ற தொண்டர் படை உருவானது. ஐரோப்பியத் தோட்டத் துரைமார்தான் அதன் சிப்பாய்கள். தென்னாபிரிக்காவில் போயர் யுத்தத்துக்குப் போனார்கள். 1914-ல் எகிப்துக்குக் கப்பல் ஏறி, அடுத்த வருஷம் கலிப்பொலிக் கரையில் இறங்கினார்கள். 1949-ல்தான் அந்தப் படையைக் கலைத்தார்கள்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலையில் பிரட்டில் நின்று பெயர் கூப்பிடுகிறவர், சம்பளத்தைப் பிடித்தம் செய்கிறவர், லயத்தை விட்டு விரட்டுகிறவர், அதே ஆள் வார இறுதியில் சீருடை போட்டுச் சுடப் பழகுகிறார். முதலாளிக்கும் அரசுக்கும் நடுவில் இருக்க வேண்டிய கோடு இந்த மலையில் இருக்கவே இல்லை.

அந்தக் கோடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று 1915 காட்டியது. அந்த வருஷம் மே மாதக் கடைசியில் கண்டியில் வெசாக் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அது உண்மையான குற்றம். அதை அடக்கவும் வேண்டியிருந்தது. ஆனால் ஜூன் 2-ல் இராணுவச் சட்டம் வந்ததும், கலவரம் ஓய்ந்த பிறகும், ஆயுதம் பெற்ற ஐரோப்பியத் தொண்டர்களும் படையினரும் விசாரணை இல்லாமல் ஆட்களைச் சுட்டார்கள். பொன்னம்பலம் இராமநாதன் இதைச் சட்டசபையில் பேசினார், லண்டன் போய் முறையிட்டார், 1916-ல் புத்தகமாகவும் போட்டார்.

பிறகு என்ன நடந்தது? கலவரத்தை அடக்கும்போது "நல்லெண்ணத்தோடு" செய்த எதற்கும் வழக்குப் போட முடியாது என்று அதே 1915-ல் பிரித்தானிய அரசு ஒரு பாதுகாப்பு ஆணை கொண்டு வந்தது. துவக்கு கொண்டு போவதில் கிடைத்த விலக்கு, சுட்டதற்குப் பதில் சொல்வதிலும் விலக்காக முடிந்தது.

அடுத்த வருஷம், 1916-ல், 33-ஆம் இலக்க துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம் வந்தது. அதுதான் பல திருத்தங்களோடு இன்று வரை நம் நாட்டுச் சட்டம். லைசன்ஸ் இல்லாமல் துவக்கு வைத்திருக்கக் கூடாது. விதி நல்ல விதிதான், அதில் நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத் தோட்டத்தில் அது எப்படி வேலை செய்திருக்கும்? அனுமதி கேட்கக் கச்சேரிக்குப் போக வேண்டும். பங்களாவிலிருந்து போகிறவருக்கு அங்கே நாற்காலி. லயத்திலிருந்து போக வேண்டுமானால் முதலில் துரையிடம் லீவு கேட்க வேண்டும். 1948-ல் குடியுரிமையும் பறிபோன பிறகு, கையில் காகிதம் எதுவும் இல்லாதவன் எந்தக் கச்சேரி வாசலில் போய் நிற்பான்? 10 அடிக்கு 12 அடி லயத்துக் காம்பராவில் ஒரு துவக்கைப் பூட்டி வைக்க இடமும் இல்லை, அது வேறு கதை.

சட்டப் புத்தகத்தில் "ஆயுதத் தடை வலயம்" என்ற பெயர் இல்லை. நடைமுறையில் லயம் அப்படித்தான் இருந்தது. பங்களா அப்படி இருக்கவில்லை.

முல்லோயா, 1940

1939, 1940-ல் மலை முழுக்க வேலைநிறுத்தம். ஹேவாஹெட்ட முல்லோயா தோட்டத்திலும் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள். சமசமாஜக் கட்சியைச் சேர்ந்த தொழிற்சங்கம் அவர்களோடு நின்றது. 1940 ஜனவரி 10 அன்று பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று இன்றும் நாம் சொல்லும் பெயர் அதுதான்.

விசாரணைக் கமிஷன் வந்தது. கோவிந்தனின் மனைவி பக்கம் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். இங்கே நாங்கள் எதிர்பார்க்காத ஒரு திருப்பமும் இருந்தது. விசாரணை முடியும் வரை வேலைநிறுத்தக்காரர்கள் மேல் போட்ட வழக்குகளைத் தள்ளிவைக்கும்படி உள்நாட்டு அமைச்சர் டி. பி. ஜயதிலக்க, பொலிஸ் மாஅதிபர் பேங்க்ஸிடம் சொன்னார். மாஅதிபர் கேட்கவில்லை. ஆளுநர் கால்டிகொட் பொலிஸ் பக்கம் நின்றார். அந்தத் தகராறில் அமைச்சர் சபையே இராஜினாமா செய்தது.

ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு கொழும்பில் அரசாங்கத்தையே ஆட்டியது. அந்த அமைச்சர்கள் நம் மக்கள் மேல் வைத்த பாசத்தால் அப்படிச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எட்டு வருஷம் கழித்து நம் குடியுரிமையைப் பறித்த கூட்டத்தில் அவர்களில் சிலரும் இருந்தார்கள். பொலிஸ் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்த அமைச்சருக்கா, ஆளுநருக்கா என்பதுதான் அவர்கள் சண்டை. ஆனால் அது சரியான கேள்வி. சுட்ட கை யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்?

அதே வருஷம் மே மாதம் பதுளைப் பக்கம் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேறொரு காட்சி. தொழிலாளர் தங்களுக்கென்று ஒரு சபை தேர்ந்து தோட்ட நிர்வாகத்தில் கை வைத்தார்கள். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரிடமிருந்து ஆயுதத்தைப் பறித்துவிட்டார்கள் என்று இடதுசாரி வரலாற்றில் பதிவு இருக்கிறது. அது நீண்ட நாள் நிற்கவில்லை. பொலிஸ் பெரும் பலத்தோடு திரும்பி வந்தது. அந்த ஆண்டு ஏழு அம்ச ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகி, தொழிற்சங்கத்தோடு பேசித் தீர்க்க ஒரு வழி திறந்தது. துவக்கால் முடியாததைக் கொஞ்சமாவது செய்தது அந்தக் காகிதம்.

டயகமவும் டெவனும்

வெள்ளைக்காரன் போனதும் பட்டியல் மாறியதா? பெயர்கள் மாறின.

1956-ல் அக்கரப்பத்தனை டயகமவில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டதில் ஏப்ரகாம் சிங்கோ செத்தார். அவர் சிங்களத் தொழிலாளி. தமிழ்த் தொழிலாளரோடு நின்றதற்காகக் குண்டு வாங்கியவர். மலையகத் தியாகிகள் வரிசையில் அவர் பெயரை நாம் உரத்துச் சொல்வது குறைவு. இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

1970-களில் தோட்டங்கள் அரசுடைமையாகின. துரை போய் அரசு வந்தது. நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பிரித்து வெளியாருக்குக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. அந்தத் தேயிலையை நட்டுக் கொழுந்தெடுத்தவர்களுக்கு அதில் ஒரு துண்டும் இல்லை. தொழிலாளர் மறித்தார்கள். 1977 மே 11 அன்று தலவாக்கலைக்குப் பக்கம் டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டதில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் செத்தார். அதன் பிறகு எழுந்த எதிர்ப்பில் அந்தக் காணிப் பிரிப்பு நின்றது. இன்றைக்கும் மே மாதம் வந்தால் அவர் பெயர் சொல்லி விளக்கேற்றுகிறோம்.

கோவிந்தன், ஏப்ரகாம் சிங்கோ, சிவனு லட்சுமணன். இவர்களைச் சுட்டவை கள்ளத் துவக்குகள் இல்லை. பதிவேட்டில் இலக்கம் உள்ள, சட்டம் விலக்குக் கொடுத்த துவக்குகள்.

"அப்ப நம்ம கையிலயும் ஒண்ணு இருந்திருந்தா?"

இதைக் கேட்டது எங்களில் வயதில் இளையவர். நியாயமான கேள்வி, தட்டிக் கழிக்கக் கூடாது. 1977 ஓகஸ்ட், 1981, 1983 ஜூலை. காடையர் கூட்டம் லயத்துக்கு வந்தபோது வாசலில் நின்ற நம் அப்பாக்கள் கையில் கவ்வாத்துக் கத்தியும் கம்பும்தான் இருந்தன. பல இடங்களில் பொலிஸ் வேடிக்கை பார்த்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி என்று மூட்டை கட்டின. அமெரிக்காவில் "பலகையை மதிப்பவன் வெறுங்கையோடு நிற்கிறான்" என்று சொல்கிறார்களே, அந்த வாதத்தின் வலி நமக்குத் தெரியாதது இல்லை. அவர்களைவிட நமக்குத்தான் நன்றாகத் தெரியும்.

எங்களுக்குள் இதில் ஒரே கருத்து வரவில்லை. இரண்டு பேர் கடைசி வரை "ஒரு துவக்காவது இருந்திருந்தா வந்தவன் யோசிச்சிருப்பான்" என்றே சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னதை எழுதுகிறோம்.

லைசன்ஸ் கொடுக்கிறது யார்? அன்றைக்கு வேடிக்கை பார்த்த அதே அரசு. அந்த அரசு விலக்குப் பட்டியல் எழுதினால் லயத்துக்காரன் பெயர் அதில் முதலில் வருமா, கடைசியில் வருமா? யுத்த காலத்தில் "எல்லைக் கிராமங்களில்" ஊர்காவல் படைக்கு அரசு துவக்கு கொடுத்தது. எந்த இனத்து ஊருக்குக் கொடுத்தது, எந்த இனத்து இளைஞனை வீதித் தடையில் இறக்கி அடையாள அட்டை கேட்டது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். விலக்கைப் பரவலாக்கினால் அது முதலில் பலசாலியின் வீட்டுக்கதவைத்தான் தட்டும். நம் வாசலுக்கு வந்து சேர்வதற்குள், நம்மை மிரட்டுகிறவன் கையில் ஏற்கெனவே ஒன்று இருக்கும்.

இன்னொன்று, இன்றைய பாடு. காட்டுப்பன்றி மரக்கறிப் பாத்தியை இரவோடு இரவாகக் கிளறிவிட்டுப் போகிறது. தோட்டத்து ஆட்கள் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். அதில் சிறுத்தை மாட்டிச் செத்தால் செய்தி வருகிறது, ஆட்கள் கைதாகிறார்கள். சிலர் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். அதில் விறகுக்குப் போன மனுசன் காலை இழக்கிறான். பயிரைக் காக்க விவசாயிக்குத் துவக்கு லைசன்ஸ் கொடுக்க நாட்டில் முறை உண்டு. ஆனால் காணி தன் பெயரில் இல்லாதவன் எந்தக் காணியைக் காட்டி விண்ணப்பிப்பது? 1848-ல் கண்டி விவசாயிக்கு வந்த அதே சிக்கல், வேறு வடிவத்தில் நம் பாத்தியில். இதற்கும் தீர்வு துவக்கு இல்லை என்றே நினைக்கிறோம். வேலியும் நஷ்டஈடும் காணி உறுதியும்தான்.

பட்டியலை வாசிக்கப் பழகுவோம்

இந்த விலக்கு விளையாட்டு நம் தீவில் மட்டும் நடந்ததில்லை. இந்தியாவில் 1878 ஆயுதச் சட்டத்தின் கீழ் இந்தியன் லைசன்ஸ் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கு விலக்கு. அந்த இன வித்தியாசம் பின்னாளில் போனது. ஆனால் கோப்பி விளையும் குடகில், கொடவர்களுக்குப் பிரிட்டிஷ் காலத்தில் கிடைத்த விலக்கு இன்றும் இருக்கிறது. 2019-ல் இந்திய அரசு அதை 2029 வரை நீட்டியது, 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. அவர்கள் அதைப் பண்பாடு என்கிறார்கள், துவக்கைக் கும்பிடும் பண்டிகையே அங்கே உண்டு. அது அவர்களுக்கு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே குடகின் தோட்டங்களில் கூலி வேலை செய்கிற பழங்குடியினருக்கு அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. அதே இந்தியாவில் தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளைப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வாக்குச் சாவடிப் பக்கம் துப்பாக்கி இருந்தால், அது வெடிக்காமலேயே பேசும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டிலும் 2024-ல் ஒன்று நடந்தது. தற்காப்புக்கென்று தனியாட்களுக்குக் கொடுத்திருந்த லைசன்ஸ் துவக்குகளை மீளாய்வுக்காக நவம்பர் 7-க்கு முன் ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது. வருஷக்கணக்கில் அந்தப் பட்டியலில் யார் யார் இருந்தார்கள், என்ன காரணம் காட்டி வாங்கினார்கள் என்பதைச் சாதாரண சனம் கேட்டதே இல்லை. கேட்க முடியும் என்றே நமக்குத் தோன்றவில்லை.

எனவே அந்தத் தேத்தண்ணிக் கடையில் கிளம்பிய கேள்விக்கு எங்கள் பதில் இது. பள்ளிக்கூடம், கோயில், பிரட்டுக்களம், தொழிற்சங்கக் கூட்டம், வாக்குச் சாவடி, இங்கெல்லாம் துவக்கு வேண்டாம். "இவருக்கு மட்டும் சரி" என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேட்போம். இந்தப் பட்டியலை எழுதியது யார்? இதில் இல்லாதவர் யார்? நாளைக்கு இவர் சுட்டால், எந்த நீதிமன்றத்தில், யார் முன்னால் நின்று பதில் சொல்வார்? 1915-ல் அந்த மூன்றாவது கேள்விக்குப் பாதுகாப்பு ஆணை வாயடைத்தது. 1940-ல் அதே கேள்வி ஒரு அமைச்சரவையைக் கலைத்தது. கேட்பதால் ஒன்றும் ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது.

கட்டுரையை எழுதி முடித்ததும், அப்புவாக இருந்த அந்தத் தாத்தாவின் பேரன் வீட்டில் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். "தாத்தா அந்தத் துவக்க என்னா சொல்லித் தொடப்பாரு?" அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. துடைக்கும்போது தாத்தா எப்போதும் குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாராம். உள்ளே தோட்டா இல்லை என்று தெரிந்தாலும், லயம் இருக்கிற பக்கம் ஒருநாளும் திருப்ப மாட்டாராம்.